கோடியில் அடுக்கிய அரிசிப் பைகள்

என் வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு முறைதான் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். இட்லி மாவு அரைத்து விற்கிறவளுக்கு அதுவே அதிகம் என்று நினைப்பீர்கள். அதிகம்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தேன், இன்னும் பிரிக்கவில்லை. மார்கழிக் குளிரில் என் வீட்டுக்காரர் அதை எடுத்துப் போர்த்திக்கொள்ளப் பார்த்தார். பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன். "இன்னா, தங்கத்துல நெய்ஞ்சதா அது?" என்றார். அவருக்கும் கதை தெரியும். ஆனால் அவருக்கு மறப்பது சுலபமாக வருகிறது, எனக்கு வரவில்லை.

நாங்கள் இருப்பது பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டி, ஓர் ஏரியை ஒட்டிப் போட்ட மனைப்பிரிவில். ஒட்டி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்கவில்லை. ஏரிக்கு ஒரு பக்கம் கரை. கரைக்கு அந்தண்டை வயல்கள். கரைக்கு எதிர்ப்பக்கம், ஏரி நிரம்பினால் தண்ணீர் ஏறி வந்து நிற்கிற ஓரத்தில், எங்கள் வீடுகள். மழை பொய்த்த சில வருஷங்களில் அந்த ஓரம் காய்ந்து முள் மண்டிக் கிடந்தது. முள்ளை வெட்டி, கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து விற்றார்கள். "லேக் வியூ" என்றார் புரோக்கர். லேக்கே வீட்டுக்குள் வந்து நம்மைப் பார்க்கும் என்று அவர் சொல்லவில்லை.

மற்றவர்களை விடுங்கள். டவுனிலிருந்தும் அரியாங்குப்பத்திலிருந்தும் வந்தவர்கள், ஆபீஸ் வேலைக்காரர்கள், ஏரி என்றால் அவர்களுக்குப் பெரிய குளம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அபிஷேகப்பாக்கத்தில் நெல் பயிர் வைக்கிற வீட்டில் பிறந்தவள். விலை குறைவு என்றதும் என் புத்தியும் குறைந்துவிட்டது.

ஏரிக்கரையில் ஒரு கடைசியில் கரையைவிடத் தாழ்வாகக் கல்கட்டு ஒன்று இருக்கும். ஏரி நிரம்பி மிஞ்சுகிற தண்ணீர் அதன் வழியாக வழிந்து ஓடை பிடித்துக் கடலுக்குப் போகும். அதற்குப் பேர் கோடி. எங்கள் பக்கத்தில் ஏரி கோடி போவது ஒரு திருவிழா. முதல் தண்ணீர் கல்லைத் தாண்டியது என்று செய்தி வந்தால் போதும், பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். தேங்காய் உடைப்பார்கள். கிடா வெட்டி அங்கேயே சோறு ஆக்குவார்கள். அதெல்லாம் முடிந்து கை கழுவிய பிறகுதான் காரியம். அந்தக் கல்கட்டின் மேல் மண் மூட்டைகளை அடுக்குவார்கள். தண்ணீரைக் கும்பிட்டு வழியனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டு, போகிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொள்கிற வேலை. ஒரு சாண் உயரம் மூட்டை வைத்தால் ஏரி பூராவும் ஒரு சாண் தண்ணீர் கூடும். அந்த ஒரு சாண்தான் தையில் நடுகிற நவரைப் பயிருக்குக் கடைசித் தண்ணீர்.

கரைக்கு அந்தண்டை காணி நிலம் வைத்திருக்கிற அக்கா ஒருத்தி தினமும் காலையில் எனக்குப் பால் கொண்டுவருவாள். நான் மாவு கொடுப்பேன். கணக்கு வழக்கு எதுவும் கிடையாது, பாலுக்கு மாவு, அவ்வளவுதான். என்னைவிட நன்றாக மூத்தவள். புருஷன் போன பிறகும் நிலத்தை யாருக்கும் விடாமல் தானே மடை திருப்பிப் பயிர் வைக்கிறாள். போர்வெல் கிடையாது. ஏரித் தண்ணீர்தான், அதுபோக நிலத்து மூலையில் பழைய கிணறு ஒன்று. என் மனைப்பிரிவில் எல்லோருக்கும் நான் மாவுக்காரம்மா. என்னை வாயார "டி" போட்டுக் கூப்பிட அந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

போன வருஷம் ஐப்பசி மழையிலேயே ஏரி நிரம்பிவிட்டது. கோடி போன மறுநாள் பால் செம்போடு வந்தவள், "காலி அரிசிப் பை இருக்குதாடி?" என்றாள்.

"எதுக்குக்கா?"

"கோடி மேல அடுக்கத்தான். தண்ணி பூரா கடலுக்குப் போய்க்கினு இருக்குது. பாத்தா வயிறு எரியுது."

இட்லி அரிசி வந்த பிளாஸ்டிக் பைகள் என் வீட்டுப் பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வில்லியனூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தைத்தவள் நான். கோணி ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். ஊர் ஆட்கள் மண் அள்ளிப் போட, நான் வாய் தைத்தேன். சங்கிலித் தையல். இறுக்கமாக நிற்கும், பார்வைக்கும் அழகு. ஆனால் ஒரு முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் சரசரவென்று முழு வாயும் பிரிந்துவிடும். மில்லில் அப்படித்தான் பழக்கம், பை கிழியாமல் திரும்பப் பயன்படும் என்று. எந்த முனை என்று தைத்தவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! "மாவு அரைக்கிற கையா இது?" என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வேலை செய்தவர்களுக்கு ஆக்கிய சோற்றில் எனக்குக் கறி அதிகம் விழுந்தது.

கார்த்திகையில் ஒரு புயல் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஏரி ஓரம் தாண்டி ஏறி எங்கள் தெருவுக்குள் வந்தது. முதலில் தெரு, அப்புறம் வாசல், அப்புறம் கூடம். என் கிரைண்டர்கள் தரையோடு தரையாக நின்றன, மோட்டாருக்கு நாலு விரல் கீழே தண்ணீர். அவை போனால் என் பிழைப்பு போயிற்று. நியாயமான பயம்தான், அதை நான் மறுக்கவில்லை. வீட்டுக்காரர் கம்பெனி ஷிஃப்டில் மாட்டிக்கொண்டார். நான் முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மனைப்பிரிவுச் சங்கத் தலைவர் குடையோடு வந்து வாசலில் நின்றார். ரிட்டயர்டு ஆபீசர். நல்ல மனுஷர். பின்னால் நாலைந்து பேர்.

"ஆபீசுக்கெல்லாம் போன் பண்ணிப் பாத்துட்டோம்மா. வரோம் வரோம்னுதான் சொல்றாங்க. இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னே புரியலை. நீங்க விவசாயக் குடும்பம்தானே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

இந்த இடத்தில்தான் நான் என்னை நிறுத்திவைத்துப் பார்க்கிறேன். பயம் மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். ஆனால் அந்த நிமிஷம் எனக்குள் ஏதோ நிமிர்ந்தது. மூன்று வருஷமாக அந்தத் தெருவில் இருக்கிறேன். கேட்டுக்கு வெளியே நின்று மாவுப் பையை நீட்டுவேன், உள்ளேயிருந்து கை வரும், அவ்வளவுதான் எனக்கும் அவர்களுக்கும். சங்கக் கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு அவர்கள் எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"கோடியில மூட்டை அடுக்கியிருக்காங்க சார். அத்த எடுத்துட்டா தண்ணி எறங்கிடும்," என்றேன்.

எனக்குக் கோடி என்ன என்று தெரியும், மூட்டை எதற்கு என்று தெரியும், அந்த ஒரு சாண் யார் வயலுக்கு என்றும் தெரியும். அவர்களுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தவள் வாயிலிருந்துதான் அது வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

வழி காட்டவும் நானே போனேன். நல்ல பகல், ஆனால் மழையில் எதிரே வருகிறவர் தெரியவில்லை, கரையில் ஊர் ஆள் ஒருவரும் இல்லை. தலைவரும் மற்றவர்களும் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். நனைந்த மண், அசையவில்லை. ஒருத்தர் காய் நறுக்குகிற கத்தி கொண்டுவந்திருந்தார். அது பிளாஸ்டிக் மேல் வழுக்கிக்கொண்டு போனது. கையை வெட்டிக்கொள்ளப் போகிறார் என்று தோன்றியது.

"கத்தி வேணாம் சார், இருங்க," என்று குனிந்தேன். முனையைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று பிரிந்தது. வாய் திறந்த பையிலிருந்து மண்ணைத் தண்ணீரே அள்ளிக்கொண்டு போயிற்று. அடுத்தது. அதற்கடுத்தது. என் தையல் எல்லாவற்றையும் நானே பிரித்தேன். "சூப்பர்ம்மா! எக்ஸ்பர்ட் நீங்க!" என்றார் தலைவர். வெட்கக்கேடு, எனக்கு அது இனித்தது.

மறுநாள் சாயங்காலத்துக்குள் தெரு வடிந்துவிட்டது. கிரைண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் சங்கக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள், டீயும் கொடுத்தார்கள்.

அக்கா ரெண்டு நாள் பால் கொண்டுவரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள் செம்பை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"கோடி மூட்ட அத்தினியும் போச்சுடி. எவனோ பிரிச்சி வுட்டுட்டான்."

மாவுக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டுக் கிளறினேன். "யாருக்கா?" என்றேன்.

"மீன் புடிக்க வந்தவனுங்களா இருக்கும்னு பேசிக்கினாங்க. தண்ணி பாஞ்சாதான அவனுங்களுக்கு மீன் வுழும்."

"இருக்கும்க்கா. அவங்கதான் இருப்பாங்க," என்றேன்.

நான் செய்ததில் இதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலம். மூட்டையைப் பிரித்தபோது முழங்காலில் தண்ணீர் இருந்தது. இதைச் சொன்னபோது வீடு காய்ந்திருந்தது, வெயில் அடித்தது, என் முன்னால் என்னை நம்புகிற ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடலோரத்திலிருந்து வலையோடு வந்து கோடியில் கெண்டை பிடிக்கிற யாரோ நாலு பேர் மேல், முகம்கூடத் தெரியாதவர்கள் மேல், கூசாமல் பழியைத் தள்ளிவிட்டேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் மாவை வாங்கிக்கொண்டு எழுந்துபோனாள்.

அதற்குப் பிறகு மழை இல்லை. கார்த்திகையோடு கையைக் கழுவிக்கொண்டது. மார்கழியிலும் தையிலும் ஒரு தூறல்கூட இல்லை. அக்கா ஏரியை நம்பி நவரை நட்டாள். நட்டபோது ஏரியில் தண்ணீர் இருக்கத்தான் செய்தது, கடைசி வரைக்கும் வருமா என்பதுதான் கேள்வி. தினமும் காலையில் பால் ஊற்றும்போது, "இன்னும் நாலு தண்ணி வோணும்," என்பாள். பாய்ச்சல் கணக்கைத் தண்ணீர் என்றே சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். ஊர்க் கவலையைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொல்வாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு மாவை வழித்துப் போடுவேன், வழிக்க ஒன்றும் இல்லாத பாத்திரத்தையும் வழிப்பேன்.

மாசியில் ஏரிக்கரை மேல் ஷாமியானா போட்டு ஒரு கூட்டம் நடந்தது. வறட்சியைத் தாங்கி நிற்பது எப்படி என்று சொல்ல டவுனிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். காலை டிபனுக்கு இட்லி என் வீட்டிலிருந்து. இட்லியை இறக்கிவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தேன், அக்கா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

ஒரு பெண் பேசினார். சின்ன வயசு, பேச்சில் பகட்டு இல்லை. பூமியே சூடாகிக்கொண்டு வருகிறது, இனிமேல் மழை அளந்து பெய்யாது, பெய்தால் கொட்டும், இல்லையென்றால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது என்றார். கொட்டுகிறபோது பிடித்து வைக்கிற ஊர் பிழைக்கும். நம் ஊருக்குக் கடல் பக்கம். மேலே ஏரியில் தண்ணீர் நின்றால்தான் அடியில் ஊற்று நிற்கும், ஊற்று நின்றால்தான் கடல் உப்பு உள்ளே வராமல் இருக்கும். உலகத்தைக் காப்பாற்றுவது என்றால் எங்கேயோ பனிமலையில் செய்கிற வேலை இல்லை, ஊருக்கு ஊர் ஏரியில் ஒரு சாண் தண்ணீரைக் கூட நிறுத்துவதும் அதுதான் என்றார். ஒரு சாண் என்று அவர் கையை விரித்துக் காட்டினார். எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். "எங்க ஊர்ல அத்த முன்னயே செஞ்சோம்மா. கோடிக்கு மூட்ட வெச்சோம். பை பூரா இவதான் குடுத்தா. வாய் தச்சதும் இவதான்," என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மாட்டேன் என்றேன். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இன்னும் தட்டினார்கள். வெட்கம்தான், ஆனால் அவர்கள் நினைத்த வெட்கம் இல்லை. மேடை ஏறினேன். சால்வை என் தோளில் விழுந்தது. மாசி வெயிலில் அது சுட்டது. எங்கள் சங்கத் தலைவர் முன் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் வேறு பக்கம் பார்த்தார்.

பங்குனி பிறந்ததும் எங்கள் மனைப்பிரிவு போர்த் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. முதலில் வாய் கொப்பளிக்கும்போது லேசாக. அப்புறம் டீ திரிந்தது. அப்புறம் என் மாவு. உப்புப் போடாமலே கரித்தது, பொங்க வேண்டிய நேரத்தில் பொங்காமல் அடை மாதிரி கிடந்தது. வாங்கினவர்கள் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் மண்ணை அள்ளி ஓடையில் விட்டவள், எனக்கு அந்த உப்பு நியாயமாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அந்த உப்பைக் குடித்தவர்களில் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்களும் இருந்தார்கள்.

"இன்னாடி, மாவு இப்பிடி இருக்குது?" என்றாள் அக்கா.

சொன்னேன். தண்ணீர் உப்பாகிவிட்டது என்ற பாதியை மட்டும்.

"எங்க கெணத்துல வந்து மொண்டுக்கோ. பயிருக்குப் பத்தாது, மாவுக்குப் பத்தும்."

அதன் பிறகு தினமும் வெயில் ஏறுவதற்குள் குடத்தோடு அவள் நிலத்துக்குப் போனேன். போகிற வழி முழுக்க அவள் பயிருக்கு நடுவில் வரப்பு. பயிர் பால் பிடிக்கிற சமயம். அந்தச் சமயத்தில் நெல்லுக்குத் தண்ணீர் நின்றுபோனால், பிள்ளைத்தாய்ச்சிக்குச் சோறு நின்றுபோன மாதிரி. ஏரியில் மதகுக்குக் கீழே போய்விட்டது தண்ணீர். சேறும் கொக்கும்தான் மிச்சம். ஒருநாள் அக்கா ஒரு கதிரை ஒடித்து நகத்தால் நசுக்கிக் காட்டினாள். பால் வரவில்லை.

"ரெண்டு தண்ணி. ரெண்டே தண்ணி இருந்திருந்தா வந்திருக்கும்."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் குடத்தை வரப்பில் வைத்தேன்.

"அக்கா, அந்தக் கோடி மூட்ட..." என்று ஆரம்பித்தேன்.

"கயித்தப் பாத்து இழு. கப்பி தேஞ்சி போயிருக்குது, கைய வாங்கிடும்," என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

இன்னொரு நாளும் ஆரம்பித்தேன். அன்றைக்குக் கன்றுக்குட்டிக்குச் சளி பிடித்துக்கொண்டது பற்றிப் பேசினாள். குற்றமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டும் இல்லை, அவள் கிணற்றுக் கயிற்றைத் தொடுகிற கையும் குறுகுறுத்தது. நான் மூன்றாம் முறை ஆரம்பிக்கவில்லை. அவள் கேட்க விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்கு அது போதும்.

சித்திரையில் அக்கா அறுத்தாள். நெல்லுக்காக இல்லை, மாட்டுக்கு வைக்கோலாவது ஆகட்டும் என்று. நானும் அரிவாள் எடுத்துக்கொண்டு போனேன். தூற்றியபோது பதர் காற்றில் பறந்து என் தலையிலும் புடவையிலும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து தலை குளித்தேன், அவள் கிணற்றுத் தண்ணீரில். அன்றைக்குக் குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுகையையும் சத்தம் வராமல்தான் அழ முடிந்தது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டுமே.

கோடை முழுக்க மனைப்பிரிவுக்கு டேங்கர் லாரி வந்தது. கோடியில் கத்தி பிடித்தவர், தலைவர் சம்சாரம், நான், எல்லோரும் ஒரே வரிசையில் குடத்தோடு நின்றோம். தலைவர் ஒருமுறை என் பக்கத்தில் வந்து, "அந்தத் தண்ணிய விட்டிருக்கக் கூடாதோ?" என்று மெதுவாகக் கேட்டார். "விட்டது நான் சார்," என்றேன். அவரிடம் சொல்ல முடிந்தது. சொல்ல வேண்டியவளிடம்தான் முடியவில்லை.

இந்த வருஷம் ஐப்பசி வந்தது. வானம் நன்றாகவே கறுத்தது. ஏரி சீக்கிரம் நிரம்பியது, கோடி போனது. ஊரில் தேங்காய் உடைத்தார்கள், கிடா வெட்டினார்கள். நான் போகவில்லை, காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். கிரைண்டர்களுக்கு அடியில் மட்டும் ரெண்டு வரிசை செங்கல் அடுக்கி வைத்தேன். அதை நான் போன வருஷமே செய்திருக்கலாம். ரெண்டு வரிசை செங்கல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா வந்தாள். பால் செம்போடு தலையில் ஒரு கட்டு. கட்டை இறக்கி வாசலில் வைத்துப் பிரித்தாள். அரிசிப் பைகள். போன வருஷத்துப் பைகள், என்னுடையவை. துவைத்து, காய வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்திருந்தாள்.

"ஓடையில அங்கங்க கெடந்துச்சி. பொறுக்கியாந்து வெச்சிருந்தேன். பாரு, ஒரு பையிகூடக் கிழியல," என்றாள்.

மேலிருந்த பையை எடுத்து வாயைத் தடவினேன், ஊசி ஓட்டைகள் மட்டும்தான் இருந்தன. மீன் பிடிக்க வந்தவன் என்றால் அரிவாளால் கிழித்திருப்பான். இழுத்துப் பிரிக்க முனை தெரிந்திருக்க வேண்டும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு சுருள் கட்டுக்கம்பியை எடுத்துப் பைகளின் மேல் வைத்தாள்.

"இந்த வாட்டி தைக்க வேணாம்டி. கம்பியில கட்டிடு."

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "எப்பலேர்ந்து தெரியும்க்கா?"

"மழ வுட்ட மறுநாளே, பை பொறுக்கனப்பவே."

அப்படியென்றால் நான் மீன்காரர்கள் மேல் பழி போட்டபோது தெரியும். கிணற்றில் தண்ணீர் மொண்டபோது தெரியும். அவளோடு பதர் தூற்றியபோது தெரியும். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன், சால்வையில் வந்து நின்றது.

"அப்புறம் எதுக்குக்கா அன்னிக்கி என்ன மேடைக்குத் தள்ளுன?"

அக்கா செம்பிலிருந்து என் பாத்திரத்தில் பாலை ஊற்றி முடித்தாள். "ஊரு முன்னால ஒரு தடவ போத்திக்கினா, அப்பால மூட்டைய அவுக்கக் கை வராது பாரு. அதுக்குத்தான்," என்றாள். "ஏந்திரு. மழ வர்றதுக்குள்ள கட்டணும்."

கரைக்குப் போனோம். ஊர் ஆட்கள் மண் அள்ளிப் போட்டார்கள், நான் கம்பி முறுக்கினேன். அவர்களில் யாருக்கெல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, யாரையும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கம்பி முனை விரல்களில் குத்தியது. நான் கட்டி வைத்த ஒவ்வொரு பையையும் அக்கா எடுத்து, வாயைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்க அனுப்பினாள். எல்லோரும் பார்க்க இழுத்துப் பார்த்தாள். வேறு யாராவது என் வேலையை அப்படிச் சோதித்திருந்தால் நான் கம்பியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருப்பேன். அவள் ஒரு முடிச்சில் நிறுத்தி, "இது லூசா இருக்குது," என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

வாங்கி, தலையைக் குனிந்துகொண்டு, மறுபடி முறுக்கினேன்.